டீச்சரம்மா பதில்கள்: சங்கீர்த்தனமும் பனங்கொட்டையும்

பதில் சொல்பவர்: கடற்கரைக் கிராமம் ஒன்றின் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர்

கேள்வி: என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வருகிற மே மாதம் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குகிறாள். அதற்கு முன்னால் முதல் ஒப்புரவு அருட்சாதனம், அதாவது சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற சங்கீர்த்தனம், என்றதும் இப்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். 'சாமியார்கிட்ட என்ன பாவம் சொல்லணும்? எனக்கு ஒண்ணும் தெரியலியே' என்கிறாள். மாமியார் வேறு, 'பாவத்தை மறைச்சா நாக்கு அழுகிரும்' என்று சொல்லி வைத்திருக்கிறார். என்ன செய்வது? — ஒரு தாய், மணப்பாடு

தங்கச்சி, முதலில் உங்கள் மாமியாரிடம் மெதுவாகப் பேசுங்கள். அவர் பேத்தி மேல் உள்ள பிரியத்தில்தான் சொல்கிறார். அவருக்கும் சின்ன வயதில் யாரோ இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்தப் பயம் உங்கள் மகளோடு ஒட்டிக்கொள்ள விடாதீர்கள். பயந்து போய் மண்டியிடும் பிள்ளை, எதையாவது சொல்லித் தப்பிக்கத்தான் பார்க்கும். 'பொய் சொன்னேன், கீழ்ப்படியவில்லை, சண்டை போட்டேன்' என்று மூன்று பாவங்களை மனப்பாடம் செய்துகொண்டு வருஷம் முழுக்க அதையே ஒப்பிக்கிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

1910-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர், ஏறக்குறைய ஏழு வயதிலேயே பிள்ளைகள் நற்கருணை வாங்கலாம் என்று ஆணையிட்டார். அதற்கு முன்னால் பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு வயது வரை காத்திருக்க வேண்டும். நல்லது கெட்டது பிரித்தறியும் புத்தி ஏழு வயதில் வந்துவிடுகிறது என்று அவர் நம்பினார். வகுப்பறையில் நின்ற எனக்கு அதில் சந்தேகமே கிடையாது.

பத்துக் கட்டளையை வரிசையாக வைத்துப் பிள்ளையைச் சோதிக்காதீர்கள். கொலை, விபச்சாரம் என்பதெல்லாம் எட்டு வயதுக்கு என்ன புரியும்? மனச்சோதனைக்கு நான் கேட்கச் சொல்வது மூன்றே கேள்விகள். என்னால் வீட்டில் யார் முகம் வாடியது? வகுப்பில் யார் முகம் வாடியது? கடவுள் தந்த எதை வீணாக்கினேன்? மூன்றாவது கேள்விக்குப் பிள்ளைகள் சொல்கிற பதில்தான் மனதைத் தொடும். 'குழாயை மூடாம ஓடிட்டேன்', 'முட்டையில மஞ்சக்கருவைத் தூரப் போட்டுட்டேன்', 'ஓணானைக் கல்லால அடிச்சேன்.' பெரியவர்கள் யாராவது இதையெல்லாம் சங்கீர்த்தனத்தில் சொல்லியிருப்போமா?

இன்னொன்றும் இருக்கிறது. சங்கீர்த்தனத்தில் சாமியார் கொடுக்கிற பரிகாரம் என்றால் 'மூன்று அருள்நிறை மந்திரம் சொல்' என்பதோடு முடிந்துவிடுவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலை எடுத்து 1459-ஆம் எண்ணைப் பாருங்கள். திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடுத்த பெயரைச் சரிசெய்ய வேண்டும், காயத்துக்கு ஈடு செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது.

எங்கள் பள்ளியில் ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனுடைய ஷார்ப்னரை எடுத்துவிட்டான். மீன் வடிவத்தில் இருக்கும், நீல நிறம், வால் பக்கம் பென்சிலைச் செருக வேண்டும். புதுநன்மை வகுப்பு நடந்த நாட்களில் அவனாகவே என்னிடம் வந்து, 'டீச்சர், அவன் பையில தெரியாம வெச்சிரவா?' என்று கேட்டான். வைக்கலாம்தான். ஆனால் அந்த ஷார்ப்னர் காணாமல் போன நாளிலிருந்து அதே பெஞ்சில் இருந்த ஒரு பெண்பிள்ளையை எல்லோரும் திருடி என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதை அவனிடம் சொன்னேன். ஷார்ப்னர் திரும்பிப் போய்விடும், அவள் பெயர் எப்படித் திரும்பும் என்று கேட்டேன். ரொம்ப நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். மறுநாள் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்னால் எழுந்து நின்று, 'எடுத்தது நான்தான், அவ இல்ல' என்று வகுப்பு முழுக்கக் கேட்கச் சொன்னான். அதற்குப் பிறகு அவன் போய்ச் செய்த சங்கீர்த்தனம் எவ்வளவு லேசாக இருந்திருக்கும்!

மகளிடம் சொல்லுங்கள்: சாமியார் யாரிடமும் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. அவள் திரும்பி வந்ததும் 'என்ன சொன்னே?' என்று நீங்களும் கேட்காதீர்கள். அன்றைக்கு அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துக் கொடுங்கள், போதும்.

கேள்வி: நாங்கள் இந்துக்கள். பக்கத்தில் நல்ல பள்ளி என்று ஆர்.சி. பள்ளியில் மகனைச் சேர்த்தோம். இப்போது வீட்டில் சாப்பிட உட்காரும்போது கண்ணை மூடி ஜெபம் சொல்கிறான். என் அப்பாவுக்குக் கோபம். 'பள்ளிக்கூடத்தை மாத்து' என்கிறார். மதம் மாற்றிவிடுவார்களா? — ஒரு தகப்பன், திருச்செந்தூர்

நேராகக் கேட்டதற்கு நன்றி, தம்பி. நேராகவே சொல்கிறேன். அரசியல் சாசனத்தின் 28(3)-ஆம் பிரிவுப்படி, அரசு அங்கீகாரமோ உதவியோ பெறுகிற எந்தப் பள்ளியும் பெற்றோர் சம்மதமில்லாமல் ஒரு பிள்ளையைச் சமயப் பாடத்திலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் நேரத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு நீதிபோதனை என்றுதான் எங்கள் பள்ளியில் வைத்திருந்தோம். ஜெபத்தில் கலந்துகொள்ள வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால் தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள். சங்கடப்படாதீர்கள். மற்றவர்கள் ஜெபிக்கும்போது அவன் கைகட்டி அமைதியாக இருந்தால் போதும். இதற்காக எந்த டீச்சராவது அவனை முறைத்தால், தவறு அந்த டீச்சர் மேல்தான்.

ஆனால் அப்பாவிடம் இதையும் சொல்லிப் பாருங்கள். பையன் சாப்பாட்டுக்கு முன்னால் நன்றி சொல்கிறான். தட்டில் இருப்பது எங்கிருந்தோ வந்தது, யாரோ உழைத்தது, எவனுக்கோ கிடைக்காதது என்ற நினைப்பு அவனுக்கு வந்திருக்கிறது. உங்கள் வீட்டு வழியில் அந்த நன்றியைச் சொல்ல அவனுக்குக் கற்றுக்கொடுக்கத் தாத்தாவை விடப் பொருத்தமான ஆள் யார்? முருகா என்று சொல்லிவிட்டுச் சாப்பிடட்டும். நாங்கள் கேட்டதும் அந்த நன்றியைத்தான்.

சாப்பாட்டு ஜெபம் சொல்லிப் பழகிய பிள்ளைகள் சோற்றைக் கொட்டுவது குறைவு. இதை என் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். 2024 ஜூலை 15 முதல் காலை உணவுத் திட்டம் கிராமப்புறத்து அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. காலையில் உப்புமாவோ பொங்கலோ, மத்தியானம் சத்துணவு என்று இரண்டு வேளை பிள்ளைகள் பள்ளியில் சாப்பிடுகிறார்கள். கை கழுவும் இடத்து வாளியில் என்ன மிச்சம் கிடக்கிறது என்று எட்டிப் பாருங்கள். அந்தப் பள்ளியில் ஜெபம் வாயில் நிற்கிறதா, கைக்கு வந்திருக்கிறதா என்று அந்த வாளி சொல்லிவிடும்.

கேள்வி: அன்புள்ள டீச்சர், மீன் செத்தால் மோட்சத்துக்குப் போகுமா? எங்க அப்பா மீன் பிடிக்கிறவங்க. அது பாவமா? — நான்காம் வகுப்பு மாணவன், புன்னைக்காயல்

கண்ணா, மீன் பிடிப்பது பாவமில்லை. இயேசு தமக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டவர்களில் பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான் எல்லோரும் வலை போட்டவர்கள்தான். உயிர்த்தெழுந்த பிறகு கரையில் நெருப்பு மூட்டி அவர்களுக்கு மீன் சுட்டுக் கொடுத்தவரும் அவர்தான். உன் அப்பா ராத்திரியெல்லாம் கடலில் கிடந்து கொண்டுவருவதை வைத்துத்தான் நீ படிக்கிறாய். அவரைப் பற்றி நீ பெருமைப்பட வேண்டும்.

மோட்சத்தைப் பற்றிக் கேட்டாயே, அது பெரிய கேள்வி. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'இறைவா உமக்கே புகழ்' என்று ஒரு சுற்றுமடல் எழுதினார். அதில் 243-ஆம் பத்தியில், கடைசியில் கடவுள் எல்லாவற்றையும் புதிதாக்கும்போது ஒவ்வொரு படைப்பும் ஒளிமயமாக மாறித் தன் இடத்தில் இருக்கும் என்று சொல்கிறார். மீனுக்கும் ஓர் இடம் உண்டு என்றுதான் நான் படிக்கிறேன். எது தப்பு தெரியுமா? குஞ்சு மீனைக்கூட விடாமல் அரித்துவருகிற சின்னக் கண்ணி வலை. கிழிந்த நைலான் வலையைக் கடலிலேயே விட்டுவிட்டு வருவது. அந்த வலை யாருக்கும் பிரயோஜனமில்லாமல் மீனையும் ஆமையையும் கொன்றுகொண்டே கிடக்கும். கிழிந்த வலையை அப்பா கரைக்குக் கொண்டுவருகிறாரா என்று கேட்டு எனக்கு எழுது.

கேள்வி: என் மகனும் பக்கத்து வீட்டுப் பையனும் ஒரே வகுப்பு. விளையாட்டில் ஆரம்பித்த சண்டையில் அவன் என் மகனுடைய அறிவியல் நோட்டைக் கிழித்துவிட்டான். டீச்சர் இரண்டு பேரையும் 'சாரி' சொல்லவைத்து அனுப்பிவிட்டார். இப்போது சண்டை பெரியவர்கள் வரை வந்து, சாதியைச் சொல்லிப் பேசும் அளவுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒரே கோயிலில்தான் பூசை பார்க்கிறோம். முகம் கொடுத்துப் பேசுவதில்லை. — பெயர் வேண்டாம், திருநெல்வேலி மாவட்டம்

அம்மா, இரண்டு விஷயம் இருக்கிறது. பிள்ளைகள் விஷயம் சீக்கிரம் முடியும்.

டீச்சர் அவசரத்தில் சொல்லவைக்கிற சாரியை நான் நம்புவதில்லை. இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவன் நடந்ததைச் சொல்லும்போது மற்றவன் குறுக்கே பேசக் கூடாது என்று வைக்க வேண்டும். பிறகு அவன் சொன்னதை இவன் திருப்பிச் சொல்ல வேண்டும். பாதி இடத்திலேயே குரல் இறங்கிவிடும். அப்புறம், கிழித்தவன் கிழிந்த பக்கங்களைத் தன் கையால் எழுதிக் கொடுக்கட்டும். அவன் எழுதும்போது உங்கள் மகன் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டட்டும். ஆறு பக்கம் முடிவதற்குள் இரண்டு பேரும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அந்த டீச்சரிடம் போய் இப்படிக் கேளுங்கள், நிச்சயம் செய்வார்.

பெரியவர்கள் விஷயம்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற வடக்கன்குளம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரே பீடத்துக்கு முன்னால் இரண்டு சாதியும் ஒருவரையொருவர் பார்க்காமல் பூசை காண வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு கால்களாகப் பிரித்துக் கட்டிய கோயில் அது. கால்சட்டைக் கோயில் என்றே அதற்குப் பெயர் வந்தது. 1910-இல் நடுச்சுவரை இடித்தார்கள். இடித்த பிறகும் வழக்கு, விலகல் என்று வருத்தம் தீர எவ்வளவோ காலம் ஆனது. நீங்களும் பக்கத்து வீட்டுக்காரரும் இன்றைக்கு ஒரே கோயிலில் நின்றுகொண்டு மறுபடி அந்தச் சுவரைக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதைக் கட்டுவதை உங்கள் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்கிறார்: பீடத்துக்குக் காணிக்கை கொண்டுவந்த இடத்தில், உன் மேல் ஒருவனுக்கு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு. கவனியுங்கள். உனக்கு அவன் மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று சொல்லவில்லை. அவனுக்கு உன் மேல் இருந்தால் என்கிறார். ஆகவே யார் முதலில் போவது என்ற கேள்விக்கே இடமில்லை. சாதிப் பேச்சு உங்கள் வீட்டுப் பக்கமிருந்து ஒரு வார்த்தை வந்திருந்தாலும், அந்த ஒரு வார்த்தைக்காக நீங்கள் போங்கள். அவர் பேசியதற்குக் கணக்குக் கேட்கப் போகாதீர்கள். பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் தூரத்திலிருந்து கும்பிடுவதை இதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளவும் வேண்டாம். வீட்டுக்குப் போய் வாசலில் நின்று கூப்பிடுங்கள்.

கேள்வி: புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர் நான். செப்டம்பர் 1-ஆம் தேதி, இயற்கையைப் பேணுவதற்காகத் திருச்சபை கடைப்பிடிக்கிற படைப்பின் காலம் தொடங்கியபோது பிள்ளைகளோடு நாற்பது மரக்கன்று நட்டோம். போட்டோ எடுத்து மறைமாவட்டத்துக்கு அனுப்பினோம். இப்போது மூன்றுதான் உயிரோடு இருக்கிறது. மனசு விட்டுப்போகிறது. — ஓர் ஆசிரியர், உவரி

மூன்று இருக்கிறதே தம்பி, அந்த மூன்றுக்கும் வேலி கட்டுங்கள்.

உங்கள் மண் என்ன மண்? உப்புக்காற்று, மணல், கோடையில் குடிக்கத் தண்ணீரே லாரியில் வருகிற இடம். நர்சரியில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று எதையாவது வாங்கி நட்டால் அது எப்படி நிற்கும்? செப்டம்பர் 1 முதல் அசிசி பிரான்சிசு திருநாளான அக்டோபர் 4 வரை படைப்பின் காலம். நம் ஊரில் அது ஆவணிக் கடைசியும் புரட்டாசியும். பனம்பழம் விழுகிற சமயம்! காலையில் பள்ளிக்கு வரும் வழியில் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு மூன்று பழம் பொறுக்கிவரலாம். கொட்டையை எடுத்து அரையடிப் பள்ளத்தில் புதைத்து வையுங்கள். ஐப்பசி மழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பனங்கொட்டை முதலில் கீழே இறங்கிக் கிழங்காகும், ஓலை மேலே தலைகாட்டச் சில மாதம் பிடிக்கும். அதுவரை 'முளைக்கவே இல்லை சார்' என்று பிள்ளைகள் தோண்டிப் பார்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பொங்கலுக்குக் கிழங்கு வேண்டும் என்பார்கள். அதற்கென்று ஓர் ஓரமாகப் பாத்தி போட்டு நெருக்கமாகக் கொட்டை அடுக்கிவிடுங்கள், அவித்துத் தின்னட்டும். மரமாக வேண்டியதைத் தனித்தனியே தள்ளி நடுங்கள். பதநீர் தர 15 வருடம்போல் ஆகும். உங்களிடம் படித்த பிள்ளை தன் பிள்ளையைக் கூட்டிவந்து காட்டுகிற மரம் அது.

கடல் பக்கம் மணல் அரிக்கிற இடத்தில் அடப்பங்கொடி வையுங்கள். கணுவுள்ள கொடித்துண்டை மணலில் புதைத்தால் வேர் பிடித்துக்கொள்ளும். ஊதாப்பூ பூத்துப் படர்ந்து மணலைக் கட்டிப் பிடிக்கும். காசே வேண்டாம். மாலையில் வீட்டுக்குப் போகும் முன் பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொல்லுங்கள். ஒரு செடிக்கு இரண்டு பிள்ளைகள் பொறுப்பு. முடிந்தால் ஒருவரோடொருவர் ஒட்டாத பிள்ளைகளை ஜோடி சேருங்கள்.

மறைமாவட்டத்துக்குப் போட்டோவை அடுத்த செப்டம்பரில் அனுப்புங்கள், உயிரோடு இருப்பதை மட்டும் எண்ணி. திருத்தந்தை பிரான்சிஸ் 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலின் 211-ஆம் பத்தியில் கேட்பதெல்லாம் ரொம்பச் சாதாரணமானவை: பிளாஸ்டிக்கையும் காகிதத்தையும் குறைப்பது, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிப்பது, குப்பையைப் பிரிப்பது, சாப்பிடும் அளவுக்கு மட்டும் சமைப்பது, தேவையில்லாத விளக்கை அணைப்பது. எதற்கும் விழா தேவையில்லை. மறைபரப்ப வந்த புனித சவேரியார் 1542-இல் இந்தக் கடற்கரைக்கு வந்து சிறுபிள்ளைகளுக்கு ஜெபம் கற்றுக்கொடுத்தார். கற்றதை வீட்டில் அம்மா அப்பாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்கச் சொன்னதாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். பிள்ளைகள் வழியாக வீட்டுக்குள் போனது இங்கே நிலைத்தது. நீங்கள் கற்றுக்கொடுப்பதும் அப்படித்தான் போகும்.

கேள்வி: மகனைக் கடற்கரையில் குப்பை பொறுக்கக் கூட்டிப்போகிறார்கள். படிக்க அனுப்பினோமா, குப்பை பொறுக்கவா? — ஒரு தாய், தூத்துக்குடி

உங்கள் கோபத்தில் பாதி நியாயம். ஊராட்சியும் மாநகராட்சியும் செய்ய வேண்டிய வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்டக் கூடாது. கையுறை இல்லாமல், கண்ணாடித் துண்டும் ஊசியும் கிடக்கிற இடத்தில் இறக்கிவிடவும் கூடாது. வருஷத்தில் ஓரிரு முறை, பெரியவர்கள் கூட நின்று, எடுத்ததை வகை பிரித்து, 'இது எந்தக் கடையில் வாங்கியது, யார் போட்டது' என்று பேசவைத்தால் அதுவும் பாடம்தான்.

இதைவிட முக்கியமான ஒன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளியில் கூட்டுவது, குப்பை அள்ளுவது யார் முறை? எல்லாப் பிள்ளைகளுக்கும் சுற்றி வருகிறதா, குறிப்பிட்ட சில பிள்ளைகளுக்கு மட்டும் வருகிறதா? தண்டனையாகக் கொடுக்கிறார்களா? கழிப்பறையைக் கழுவச் சொல்கிறார்களா? இதில் ஒன்று நடந்தாலும் விடாதீர்கள். உடலை வதைக்கிற, மனதை நோகடிக்கிற தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுக்கிறது. பூமியைப் பேணுகிறோம் என்று ஒரு பிள்ளையை அவமானப்படுத்துகிற பள்ளி, சிலுவையை வாசலில் மாட்டியிருந்தாலும் சரி, நம் பள்ளி இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

கேள்வி: பங்குக் கோயில் திருவிழாவில் ஊர்கூடிச் சாப்பிடும் அசனத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் பரிமாறுகிறார்கள். பிளாஸ்டிக் கப், தெர்மாகோல் தட்டு இல்லாமல் இத்தனை ஆயிரம் பேருக்கு எப்படி முடியும் என்று விழாக் குழு கேட்கிறது. — ஒரு பங்குப் பேரவை உறுப்பினர், இடிந்தகரை

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அவை தடை செய்யப்பட்டவை என்பதைக் குழுவுக்கு முதலில் நினைவுபடுத்துங்கள். நம் தாத்தா காலத்தில் அசனம் வாழையிலையிலும் பனையோலைப் பட்டையிலும்தானே நடந்தது? சாப்பாடு வாங்கிப் போகிறவர்கள் வீட்டுத் தூக்குச்சட்டியைக் கொண்டுவர வேண்டும் என்று கொடியேற்றத்திலிருந்தே பூசையில் அறிவியுங்கள். குடிக்க எவர்சில்வர் டம்ளர். ஒரு வருடம் உபயகாரர்களிடம் பட்டாசுக்குப் பதில் டம்ளர் கேளுங்கள். அது பங்குச் சொத்தாக நிற்கும். கழுவுவதற்கு ஆண்கள் குழு ஒன்று போடுங்கள். இவ்வளவு நாளும் பெண்களே கழுவியாகிவிட்டது.